சிறுநீரகத்தின் சல்லடையும் பரம்பரை நோயும்



மாவு சலிக்கும் சல்லடை இல்லாத வீடு நம்மிடையே அரிது. அதன் கண் ஒன்று அறுந்துபோனால் தவிடு மாவோடு கலந்துவிடும்; கடைக்குப் போய் வேறொன்று வாங்கி வருவோம். நம் உடலினுள்ளும் ஒரு சல்லடை இருக்கிறது. தாயின் கருப்பையிலேயே அது பின்னி முடிக்கப்படுகிறது. பிறந்த பின் அதற்குப் புதிய கண்கள் சேர்வதில்லை. கடையிலும் அது கிடைப்பதில்லை. சிறுநீரகம் என்று நூல்களும், குண்டிக்காய் என்று நம் பாட்டிமாரும் கூறும் உறுப்பினுள் அமைந்த வடிகட்டியே அது.

சில குடும்பங்களில் இவ்வடிகட்டி தலைமுறை தலைமுறையாகப் பழுதடைந்து வருகிறது. ஏன் பழுதடைகிறது? எவ்வாறு பழுதடைகிறது? அப்பழுதைத் தள்ளிப்போட வழி உண்டா? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை காண முயல்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

நாம் மருத்துவர் அல்லோம். மைய அரசின் ஏடுகளைத் தமிழாக்குவது நம் தொழில். ஒரு சொல்லைத் தமிழில் வைக்க வேண்டுமானால் அச்சொல் சுட்டும் பொருளை முதலில் அறிந்தாக வேண்டும். அவ்வாறு அறிந்துகொண்ட செய்திகளுள், ஊரைவிட்டு வெகுதொலைவில் குடும்பம் நடத்தும் தமிழருக்குச் சிறப்பாகப் பயன்படும் செய்தி இது என்பது நம் எண்ணம்.

முதலில் சல்லடையின் அமைப்பைப் பார்ப்போம். இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இரு சிறுநீரகங்களுக்கும் போய்ச் சேருகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகப் பத்து லட்சம் நுண்ணிய முடிச்சுகள் உள்ளன. மயிரினும் மெல்லிய இரத்தக் குழாய்கள் நூற்கண்டுபோல் சுருண்டு கிடப்பதே முடிச்சு. இத்தாலியரான மார்செல்லோ மால்பிகி 1666-இல் இவற்றை முதன்முதலாக விவரித்தார். இம்முடிச்சுகளின் வழியே ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீர் வடிகட்டப்படுகிறது. அவ்வளவும் வெளியேறுமானால் நாம் ஒரு நாள்கூடப் பிழைத்திருக்க மாட்டோம். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை உடல் மீட்டுக்கொள்கிறது. எஞ்சிய ஒன்றிரண்டு லிட்டரே சிறுநீராக வெளிவருகிறது.

வடிகட்டும் சுவரில் மூன்று அடுக்குகள் உண்டு. உள்ளடுக்கு, துளைகள் நிறைந்த குழாய்ச் சுவர். நடு அடுக்கு, புரத இழைகளால் பின்னிய ஒரு சவ்வு. அதன் பருமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ மூவாயிரத்தில் ஒரு பங்கு. இதனை அடிச்சவ்வு என்போம். வெளியடுக்கில், அச்சவ்வைக் கட்டிப்பிடித்தபடி ஒருவகை உயிரணுக்கள் அமர்ந்திருக்கின்றன. இன்றைய பேச்சின் கதாநாயகர் இவ்வுயிரணுக்களே.

ஆங்கிலத்தில் இவற்றைப் போடோசைட் என்பர். கால் என்றும் உயிரணு என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. காலணு என்று தமிழாக்கலாம். ஆனால் முதியவர்களுக்குப் பழைய காலணா நினைவுக்கு வந்துவிடும். ஆகவே பாத அணு என்று இங்கே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பாத அணுவும் பல கிளைகளை நீட்டி, அக்கிளைகளிலிருந்து எண்ணற்ற சிறு பாதங்களை ஊன்றி நிற்கிறது. இரு கைகளின் விரல்களைக் கோத்துக்கொள்வதுபோல், அடுத்தடுத்த அணுக்களின் பாதங்கள் ஒன்றனிடை ஒன்று கோத்து நிற்கின்றன. அவற்றின் இடையே உள்ள சந்துதான் சல்லடையின் கண். நீரும் உப்பும் கழிவும் அவ்வழியே செல்லும். இரத்தத்தின் புரதம் செல்லாது.

இவ்வளவு நுட்பமாகப் பாதம் ஊன்றிய அணுவால், தோலின் அணுக்களைப்போல் இரண்டாகப் பிரிந்து பெருக இயலாது. பிரிய வேண்டுமானால் பாதங்களை எடுக்க வேண்டும். பாதத்தை எடுத்தால் பிடி நழுவிச் சிறுநீரோடு போய்விடும். ஆகவே, பிறவியில் பெற்ற பாத அணுக்களே ஏறக்குறைய வாழ்நாள் முழுவதற்குமான முதல். அம்முதலைச் செலவிட்டுத்தான் வாழ்கிறோம். வரவு என்பது அநேகமாக இல்லை.

இனி நோயின் வரலாற்றுக்கு வருவோம். பரம்பரைச் சிறுநீரக நோய்கள் பல. அவற்றுள் நெடுநாளாக அறியப்பட்ட ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் ஒரு குடும்பத்தினரின் சிறுநீரில் இரத்தம் காணப்படுவதை 1902-இல் கத்ரி என்னும் மருத்துவர் எழுதிவைத்தார். அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறையைத் தென்னாப்பிரிக்காவில் பிறந்த செசில் ஆல்போர்ட் என்னும் மருத்துவர் ஆராய்ந்து, 1927-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். சிறுநீரில் இரத்தம் கண்டவர்களுக்கே காதும் மந்தமாகிறது என்பதையும், ஆண்கள் இளமையிலேயே மாள, பெண்கள் முதுமைவரை வாழ்கின்றனர் என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். 1961 முதல் இந்நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது.

காதுக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன உறவு என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. அடிச்சவ்வை நெய்யும் இழை கொலாஜன் என்னும் புரதம். மூன்று புரிகளை முறுக்கிய கயிறு போன்றது அது. சிறுநீரகத்தில் உள்ள அதே வகைக் கயிறு உட்செவியிலும் கண்ணிலும் உள்ளது. ஆகவே, கயிற்றில் பழுது இருந்தால் மூன்று உறுப்புகளும் தாக்குண்ணும். ஒரு புரிக்குரிய மரபணுவை 1990-இல் விஞ்ஞானிகள் எக்ஸ் குரோமோசோமில் கண்டுபிடித்தனர். கார்ல் டிரிக்வாசன் அக்குழுவினருள் ஒருவர். மற்ற இரு புரிகளின் மரபணுக்கள் இரண்டாம் குரோமோசோமில் உள்ளன.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கருவில் இருக்கும்போது அடிச்சவ்வு வேறொரு மெல்லிய வகைக் கயிற்றால் ஆனது. முடிச்சு முதிர முதிர, வலிமை மிக்க முப்புரிக் கயிறு அதன் இடத்தைப் பிடிக்கிறது. இந்நோய் உள்ளவர்களுக்கு அம்மாற்றம் நிகழ்வதில்லை. குழவிப் பருவத்துச் சவ்வே நிலைத்துவிடுகிறது. அந்த முப்புரிக் கயிற்றைத் திரிப்பது யார் தெரியுமா? பாத அணுவேதான். தான் நிற்கும் தரைக்குரிய பாயைத் தானே முடைகிறது அது. கோரையில் குறை இருப்பதால் பாய் உறுதியாக அமைவதில்லை. பாய் உறுதியற்றதால் முடைந்தவர்க்கே பிடிமானம் இல்லை. இரத்தத்தின் அழுத்தம் ஓயாமல் மோத, பாத அணுக்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன.

எத்தனை விழுகின்றன என்பதையும் கணக்கிட்டிருக்கின்றனர். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தாரும் பிறரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஊசியால் எடுத்த சிறுநீரகத் துணுக்குகளில் அணுக்களை எண்ணியும், சிறுநீரில் அவற்றின் அடையாளத்தை அளந்தும் பார்த்தனர். நல்ல சிறுநீரகத்தில் ஒரு முடிச்சுக்கு ஏறத்தாழ 600 பாத அணுக்கள் உள்ளன. ஆண்டுக்கு இரண்டு அல்லது அதற்குச் சற்று மேலாக அவை உதிர்கின்றன. எண்பது வயது வாழ்பவரும் இருநூறுக்கு உட்பட்டே இழக்கிறார். ஆல்போர்ட் நோயில் உதிர்பவை ஆண்டுக்குச் சுமார் 26. பதினொரு மடங்கு வேகம்! பன்னிரண்டே ஆண்டுகளில் முந்நூறுக்கு மேல் போய்விடும். முடிச்சு ஒன்றுக்கு 300 என்னும் அளவுக்குக் கீழே எண்ணிக்கை இறங்கும்போதுதான், சிறுநீரில் புரதம் ஒழுகுவது மேலும் மேலும் பெருகத் தொடங்குகிறது என்று அவ்வாய்வு காட்டியது.

இழப்பு ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால், தொடக்கக் காரணம் எதுவாயினும் சீரழிவு தானே தொடரும். ஏர் பூட்டிய மாடுகளில் ஒன்று படுத்துவிட்டால் பாரம் முழுவதும் மற்றொன்றின் கழுத்தில் விழுவதில்லையா? ஓர் அணு உதிர்ந்ததும் அண்டை அணுக்கள் தம் உடலைப் பருக்கச் செய்து வெற்றிடத்தை மூட முயல்கின்றன. அதற்கும் ஓர் எல்லை உண்டு. மூடப்படாத இடத்தில் முடிச்சு தழும்பாகிறது. ஒரு முடிச்சு அழிந்தால் அதன் வேலை அடுத்த முடிச்சுகளின் தலையில் ஏறுகிறது. அங்கே அழுத்தம் கூடுகிறது. அங்கும் அணுக்கள் உதிர்கின்றன. பாத அணுக்களில் ஒரு சிறு பகுதியை இழந்த எலிகள் ஓரளவு தேறிக்கொண்டன என்றும், நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் இழந்தவற்றின் முடிச்சுகள் தழும்பேறின என்றும் 2005-இல் வெளிவந்த சோதனை காட்டியது.

வேறு பரம்பரை நோய்களும் இதே பாதையில்தான் செல்கின்றன. பின்லாந்தில் ஏறத்தாழ 8,000 முதல் 10,000 பிறப்புகளுக்கு ஒன்று வீதம், குழந்தைகள் பிறவியிலேயே புரதம் ஒழுகும் சிறுநீரகத்துடன் பிறப்பதுண்டு. முன்னர்க் குறிப்பிட்ட டிரிக்வாசனின் குழுவினர் அதன் மரபணுவை 1998-இல் கண்டனர். பாதங்களுக்கு இடைப்பட்ட சந்தில் நெய்யப்படும் நெஃப்ரின் என்னும் புரதமே அங்கே குறையாக இருந்தது. ஓரிடத்தில் தரை பழுது, மற்றோரிடத்தில் கோத்த விரல்கள் பழுது. இரண்டிலும் கெடுவது பாத அணுவே.

நேயர்களே, சாதாரண மனிதர் இந்நோயை எவ்வாறு அறிவது? ஆண் குழந்தைகளின் சிறுநீரில் மிக இளம் வயதிலேயே இரத்த அணுக்கள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. சளி, தொண்டைப் புண் வந்தபோது மட்டும் சிறுநீர் தேநீர் நிறமாகப் போகலாம். இரண்டொரு நாளில் தெளிந்துவிடும். "சூடு" என்று சொல்லி விட்டுவிடுவோம். பின்னர்ப் புரதம் ஒழுகும்போது சிறுநீர் நுரைக்கும். பள்ளிப் பருவத்தில் உயர்ந்த ஒலிகள் காதில் விழாமல் போகத் தொடங்கும். "பையன் கவனம் இல்லாதவன்" என்று ஆசிரியர் எழுதி அனுப்புவார். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. அதனாலேயே ஆண்டுகள் வீணாகின்றன. மருந்து இன்றேல், எக்ஸ் குரோமோசோம் வழியாக இந்நோயைப் பெற்ற ஆண்களில் பாதிப்பேருக்கு இருபத்தைந்து வயதுக்குள்ளும், பத்தில் ஒன்பது பேருக்கு நாற்பது வயதுக்குள்ளும் சிறுநீரகம் செயலிழந்துவிடும்.

பெண்கள் வெறும் கடத்துபவர்கள், அவர்களுக்குத் தீங்கில்லை என்று முன்பு கருதினர். அது சரியன்று. பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு இருப்பதால் நோய் மெதுவாக நடக்கும், அவ்வளவே. இத்தகைய பெண்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு நாற்பது வயதிலும், முப்பது பேருக்கு அறுபது வயதிலும் சிறுநீரகம் செயலிழப்பதாக ஐரோப்பியக் கணக்கு கூறுகிறது. நம் நாட்டில் மகனுக்குச் சிறுநீரகம் தர முதலில் முன்வருபவள் தாய். இந்நோய்க் குடும்பத்தில் அத்தாயின் சிறுநீரகமே குறையுடையதாக இருக்கக்கூடும். ஆகவே, அவளை முழுவதும் சோதித்த பின்னரே மருத்துவர் முடிவு செய்வர். வேறு வழி இருக்கும்போது நோயுள்ள தாயிடம் பெறுவதைத் தவிர்ப்பர்.

குறை கடத்தப்படும் முறையையும் சொல்லிவிடுவோம். எக்ஸ் குரோமோசோமில் குறையுள்ள தந்தை, அதைத் தம் பெண்மக்கள் அனைவருக்கும் கொடுப்பார். ஆண்மக்கள் ஒருவருக்கும் கொடுக்கமாட்டார். அக்குறையுள்ள தாயிடமிருந்து ஒவ்வொரு குழந்தைக்கும், ஆணாயினும் பெண்ணாயினும், பாதிக்குப் பாதி வாய்ப்பு. இரண்டாம் குரோமோசோமில் குறை இருந்தால் நிலைமை வேறு. கணவன் மனைவி இருவருக்கும் ஒரே குறை ஒரு பங்கு இருக்குமானால், இரு பங்கும் சேர்ந்து கடுநோயாகும் வாய்ப்பு ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒன்று. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று உறவுக்குள் மணம் செய்யும் வழக்கம் நம் நாட்டில் மிகுந்துள்ள மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. ஒரே பாட்டனாரிடமிருந்து ஒரே குறையை இருவரும் பெற்றிருக்கும் வாய்ப்பு அத்தகைய மணத்தில் கூடுதல். சிலருக்கோ, பெற்றோர் எவரிடமும் இல்லாத குறை புதிதாகவே தோன்றிவிடுகிறது.

"அவள் பிறந்த வீட்டு நோய் நம் பேரனுக்கு வந்துவிட்டது" என்று மருமகளைக் குற்றம் சாட்டும் பேச்சு நம் வீடுகளில் எழக்கூடும். எழுத்தெண்ணிப் பார்த்தாலும் அதில் நியாயம் இல்லை. தன் உயிரணுவில் எழுதப்பட்டிருப்பதை ஒருவரும் தேர்ந்தெடுத்துப் பெறவில்லை. பழிச்சொல்லுக்கு அஞ்சிக் குடும்பத்தார் நோயை மறைக்கின்றனர். மறைப்பதால் அடுத்த குழந்தை காலத்தில் சோதிக்கப்படாமல் போகிறது. பழிச்சொல் செய்யும் பெருங்கேடு அதுவே.

மூன்றாம் கேள்விக்கு வருவோம். உதிர்வைத் தள்ளிப்போட வழி உண்டா? உண்டு. மரபணுக் குறையை நீக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் முடிச்சினுள் இரத்தம் மோதும் அழுத்தத்தைக் குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன. இவற்றின் பிறப்பு சுவையானது. பிரேசில் நாட்டில் ஜராராக்கா என்றொரு பாம்பு உண்டு. அதன் விஷத்தில் உள்ள ஒரு பொருளின் இயல்பை செர்ஜியோ ஃபெரேரா என்னும் அந்நாட்டு விஞ்ஞானி 1965-இல் வெளியிட்டார். அந்த வழியைப் பின்பற்றி உருவான காப்டோப்ரில் என்னும் இரத்த அழுத்த மருந்து 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எனலாப்ரில், ராமிப்ரில் என்பன அதன் தம்பிமார். முடிச்சிலிருந்து இரத்தம் வெளியேறும் குழாயை இவை தளர்த்துகின்றன. உள்ளே அழுத்தம் தணிகிறது. பாத அணுவின் பிடிக்குச் சற்று ஓய்வு கிடைக்கிறது.

பலன் எவ்வளவு? ஐரோப்பாவில் ஆல்போர்ட் நோயாளிகளின் பதிவேட்டை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட முடிவைக் கேளுங்கள். இம்மருந்து உட்கொள்ளாதவர்கள் செயற்கைச் சிறுநீரகத்தை நாட வேண்டி வந்த நடுவயது 22. சிறுநீரகம் பெரிதும் கெட்ட பின்பு மருந்து தொடங்கியவர்களுக்கு 25. புரதம் ஒழுகத் தொடங்கிய பருவத்திலேயே மருந்து தொடங்கியவர்களுக்கு 40. மருந்து ஒன்றே, தொடங்கிய காலம்தான் வேறு. பாத அணுக்கள் நிறைய இருக்கும்போது தொடங்கினால் காப்பதற்கு அணுக்கள் இருக்கும். உதிர்ந்த பின் தொடங்கினால் எதைக் காப்பது? இருபத்திரண்டுக்கும் நாற்பதுக்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள். ஒருவன் படித்து முடித்து, வேலையில் அமர்ந்து, மணம் செய்து, மக்களைப் பள்ளிக்கு அனுப்பும் ஆண்டுகள் அவை. ஆகவேதான், நோய் உறுதியான ஆண் குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே இம்மருந்தைத் தொடங்குமாறு வல்லுநர்கள் இன்று அறிவுறுத்துகின்றனர். கருவுற்ற பெண்கள் இதனை உட்கொள்ளலாகாது; மற்றவர்களும் மருத்துவரின் கண்காணிப்பிலேயே உட்கொள்ள வேண்டும். வலி மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி விழுங்குவதும், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பொடிகளை உண்பதும் சிறுநீரகம் நலிந்தவர்க்கு அபாயம்.

இனி, வெளிமாநிலத் தமிழர்க்குரிய செய்தி. தாராவியிலோ கரோல் பாக்கிலோ குடியிருக்கும் ஒரு குடும்பத்தின் குழந்தையை மருத்துவரிடம் கொண்டுசென்றால், அவர் கேட்கும் முதற் கேள்விகளுள் ஒன்று: "உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கேனும் சிறுநீரக நோய் உண்டா?" ஊரில் இருந்தால் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவே விடை சொல்லிவிடுவார். "இவளுடைய தாய்மாமனுக்கு இளவயதிலேயே காது கேளாது, கால் வீங்கி முப்பதுக்குள் போய்விட்டான்" என்று அவர் நினைவிலிருந்து எடுத்துக் கொடுப்பார். இரண்டு தலைமுறையாக வெளியூரில் வாழும் நமக்கு அந்த மாமனின் பெயரே தெரிவதில்லை. வேலைக்காக ஊரைவிட்டு வந்தபோது, நிலத்தையும் வீட்டையும் மட்டுமன்றி, குடும்பத்தின் நோய் வரலாற்றையும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

அடுத்த முறை பொங்கலுக்கோ திருமணத்துக்கோ ஊர் செல்லும்போது, முதியவர்களிடம் பொறுமையாகக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்வது நலம். யார் யார் இளமையில் மாண்டனர், யாருக்குச் சிறுநீர் சிவந்தது, யாருக்கு இளவயதில் காது மந்தமாயிற்று, யார் உறவுக்குள் மணந்தனர் என்பவை போதும். வடக்கே இருப்போர் ஒன்றை நினைவில் கொள்ளலாம்: இந்தியில் சிறுநீரகத்தின் பெயரும் மேற்சட்டையின் பெயரும் தமிழில் எழுதினால் குர்தா என்றே அமையும், சிறுநீரகத்துக்கு முதலெழுத்தை அழுத்தாமல் மெலிதாகச் சொல்ல வேண்டும். வாய்ச்சொல் தடுமாறினாலும், எழுதிய தாள் தடுமாறாது.

அத்தகைய வரலாறு உள்ள வீட்டில், குழந்தைகள் அனைவருக்கும், தாய்க்கும் அவள் உடன்பிறந்தார்க்கும் சிறுநீரைச் சோதிக்கச் செய்யுங்கள். மருந்து தோய்த்த ஒரு காகிதப் பட்டையைச் சிறுநீரில் நனைத்து நிறம் பார்ப்பதே முதற் சோதனை. செலவு மிகக் குறைவு. சில நிமிடங்களில் முடியும். ஐயம் எழுந்தால் செவிச் சோதனையும், தேவைப்பட்டால் மரபணுச் சோதனையும் தொடரும்.

சிறுநீரகம் செயலிழந்தவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. ஏழைகளுக்கு மாவட்ட மருத்துவமனைகளில் இரத்தச் சுத்திகரிப்பை இலவசமாக அளிக்க, மைய அரசின் திட்டம் ஒன்று 2016-இல் தொடங்கப்பட்டது. வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் 1971-இல் வெற்றி கண்ட மாற்றுச் சிறுநீரகச் சிகிச்சை இன்று நாட்டின் பல நகரங்களில் நடைபெறுகிறது. நல்ல சிறுநீரகம் பொருத்தப்பட்ட ஆல்போர்ட் நோயாளிகள் பெரும்பாலும் நலமாகவே வாழ்கின்றனர்.

ஆயினும், அந்நிலைக்கு முன்னரே செய்யத்தக்கது மிகுதி. பாத அணு ஓசையின்றி உதிர்கிறது, உதிர்ந்தது திரும்புவதில்லை. முடிச்சு ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு இருபத்தாறு வீதம் ஒரு குழந்தை இழந்துகொண்டிருக்கையில், ஊரிலுள்ள பெரியவரிடம் ஒரு கேள்வியும், ஒரு காகிதப் பட்டையும் அவ்விழப்பை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும். அக்கேள்வியை இந்த வாரமே கேட்டுவிடுவோமாக.